விழாத சீட்டு

அவரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முழங்கால்கள்தான். ஒரு பெரிய மனிதரை நினைத்துக்கொள்ள உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று என் கணவர் கோபித்துக்கொள்வார். நான் என்ன செய்வது? அவரை நான் முதன்முதலில் பார்த்ததே நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் பார்க்கில், சபை பிக்னிக்கில், அரைக்கால் சட்டையில். இரண்டு முழங்கால்களிலும் தோல் கறுத்துத் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. பேப்பர் தட்டில் எலுமிச்சை சாதத்தை வைத்துக்கொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. நோவு ஒண்ணும் இல்ல. ஜெபத்துல காச்சது" என்றார்.

திரும்பி வரும்போது காரில் என் கணவர் விளக்கம் சொன்னார். எருசலேமில் இருந்த முதல் சபைக்குத் தலைவராக இருந்த யாக்கோபு, மண்டியிட்டு மண்டியிட்டே முழங்கால் ஒட்டகத்தின் முழங்கால் மாதிரி ஆகிவிட்டவராம். வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். "அங்கிளுக்கு அந்த ஒரு சபைதான் சபை. அதுக்கப்புறம் ரெண்டாயிரம் வருசமா வந்ததெல்லாம் அவருக்குக் கலப்படம்" என்று சிரித்தார். எனக்கு அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நான் ஈரோட்டுக்காரி, கும்பிடுவது முருகனை. என் கணவர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர். ஒருவரை ஒருவர் மாற்றப் பார்ப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டுதான் கல்யாணமே செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தமிழ்ச் சபை கூடும். வெள்ளைக்காரர்களின் பழைய சர்ச் ஒன்றில், அவர்கள் காலை ஆராதனையை முடித்துவிட்டுப் போன பிறகு, கீழ்த்தள ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் கணவரை இறக்கிவிட்டுவிட்டு பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். ஒரு ஜனவரியில் குளிர் தாங்காமல் உள்ளே போனேன். கடவுளுக்காகப் போகவில்லை, ஹீட்டருக்காகப் போனேன். கதவைத் திறந்துவிட்டது அங்கிள்தான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி, அதுதான் அவர் இடம். அந்தச் சபையைப் பன்னிரண்டு குடும்பங்களோடு ஆரம்பித்தவரே அவர்தான். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர், மனைவி இல்லை, ஒரே மகள் கலிபோர்னியா பே ஏரியாவில். முன்னால் போய் உட்காருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பார், குழந்தைகளின் ஜாக்கெட்டை வாங்கி மாட்டுவார், உட்கார்ந்துகொள்வார். சபையை நடத்துகிறவருக்கென்று முன்பக்கத்தில் தனியாக ஒரு மர நாற்காலி, ஜனங்களைப் பார்த்த மாதிரி. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு அடக்கம் என்று எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். நானும்தான்.

அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கும் முறையைக் கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டு கிடையாது, கமிட்டி கிடையாது, ஊரிலிருந்து பாஸ்டர் வரவழைப்பதும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, சீட்டுப் போடுவார்கள். முதல் சபையில், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனுடைய இடம் காலியானபோது இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்களாம். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. இன்னொருவன் பெயர் யோசேப்பு. அவனைப் பற்றி அதற்குப் பிறகு வேதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அங்கிளுக்கு மத்தியாவைப் பற்றி அக்கறையே கிடையாது. எப்போது பேசினாலும் அந்த யோசேப்பைப் பற்றித்தான் பேசுவார், அடுத்த தெருவில் குடியிருக்கிற ஆளைப் பற்றிப் பேசுவதுபோல.

"அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவன் சாப்பிட்டிருப்பான்னு நெனைக்கீங்களா? பெண்டாட்டிகிட்ட என்னத்தச் சொல்லியிருப்பான்? அடுத்த வாரமும் சபைக்கு வந்திருப்பாம்லா. வந்து, அந்த மத்தியா முன்னால ஒக்காந்திருக்கதப் பாத்திருப்பாம்லா."

"அவருக்கு அது ஒரு ரிலீஃபாக்கூட இருந்திருக்கலாம் அங்கிள்" என்று ஒரு தடவை சொன்னேன். அவர் என்னை ஏதோ புரியாத பாஷையில் பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்த யோசேப்புக்காகவே அவர் சில ஒழுங்குகளை வைத்திருந்தார். மே மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போவார். டீயைக் குடித்துவிட்டு, "யாரு வந்தா நல்லாருக்கும்? ஒரு பேரு சொல்லுங்க" என்று குனிந்து காதைக் கொடுப்பார். கடைசியில் இரண்டு பெயர்களைத் தன் கையால் எழுதிச் சுருட்டுவார். யார் யார் பெயர் என்று வேறு யாருக்கும் தெரியாது. விழுந்த சீட்டை மட்டும் வாசிக்க வேண்டும். விழாத சீட்டைப் பிரிக்கக் கூடாது, அது அவர் சட்டைப் பையில் போய்விடும். ஒரு வருஷம் சபைக்குள் பெரிய மனஸ்தாபம் வந்து, ஓட்டுப் போட்டுவிடலாம் என்று நான்கைந்து பேர் எழுந்து நின்றபோது அவர் குரலை உயர்த்தாமல் சொன்ன பதில் இதுதான்: "ஓட்டுப் போட்டா தோத்தவன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அந்த யோசேப்பு ஒருத்தன் பேரு தெரிஞ்சதே போதும்."

சீட்டுக் குலுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு முன்னால் அந்த வெள்ளைக்கார சர்ச்சின் வாட்ச்மேன் குலுக்கிக்கொண்டிருந்தாராம். "இதுல பங்கில்லாத கை வேணும். உங்க பேரு என்னைக்கும் இதுக்குள்ள வராது. அதனால உங்க கை சுத்தம்" என்றார். என் தொழிலும் அவருக்குத் தெரியும். மருந்துகளைச் சோதிக்கும்போது எந்த நோயாளிக்கு நிஜ மாத்திரை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை என்பதைக் குருட்டாம்போக்கில் பிரித்துக் கொடுப்பதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முடிகிறவரை பிரித்துப் பார்க்கக் கூடாது. அவருடைய ஒழுங்குகள் எனக்கு அன்னியமாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம்.

டப்பா ஒரு நீல நிற பிஸ்கட் டப்பா. எல்லார் வீட்டிலும் ஊசி நூல் போட்டு வைத்திருப்பார்களே, அதேதான். மூடியில் ஒரு கால் டாலர் காசு அளவுக்கு ஓட்டை. இரண்டு சுருளையும் போட்டு மூடித் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்ட வேண்டும், ஒன்று விழுகிறவரை. விழுந்ததும் டப்பாவை நிமிர்த்திவிட வேண்டும். "சீட்டு விழணும்மா, எடுக்கக் கூடாது. எடுத்தா அது நீங்க எடுத்தது" என்பார். முதல் தடவை ஆட்டியபோது அறுபது பேர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். இரண்டு காகிதச் சுருள்கள் தகரத்தில் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. விளையாட்டாக ஆரம்பித்த எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

இன்னும் ஒரு ஒழுங்கு உண்டு. சீட்டு விழுந்தவர் வந்து உட்காரும்வரை பழையவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒரு வருஷம் சீட்டு விழுந்தவர் அம்மாவின் சாவுக்காக நாகர்கோவில் போயிருந்தார். விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதுவரை பழையவர் வாராவாரம் நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். வேறு யாரையாவது வைக்கலாமே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தடவை, கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது அவர் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார்.

"ஏம்மா, ஒரு ஆளு பேரு ஆறு தடவ உள்ள போயி ஆறு தடவையும் விழாம போகுமா?"

"தாராளமா போகலாம் அங்கிள். அறுபத்தி நாலுல ஒரு சான்ஸ். ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதானே. முன்னாடி என்ன ஆச்சுன்னு டப்பாவுக்குத் தெரியாது."

"டப்பாவுக்குத் தெரியாது" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. நாற்காலிகளெல்லாம் அடுக்கி முடிந்த பிறகும் அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. "ஆட்டுதவருக்குத் தெரியும்லா" என்றார். ஆட்டுவது நான்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் ஏழாவது சீட்டு. எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் தங்கை டெக்சஸில், ஆலனில் இருக்கிறாள். அங்கே எனக்கு வேலை மாற்றமும் கிடைப்பதாக இருந்தது. நியூ ஜெர்சியின் பனியும் சொத்து வரியும் போதும், கிளம்பிவிடலாம் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரண்டு தடவை தன் பெயர் உள்ளே போய் விழாமல் போயிருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. "இந்தத் தடவ எம் மேல விழலன்னா கண்டிப்பா போலாம்" என்றார். விழக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டே டப்பாவை ஆட்டினேன். பங்கில்லாத கை என்று அங்கிள் நம்பிய கை அது.

என் கணவர் பெயர் விழுந்தது.

நான் வாசித்தபோது அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டப்பாவைத் திறந்து மற்ற சீட்டை எடுத்துப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டார். பைக்குள் போன கை வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்த டிசம்பரில் அவர் இறந்துபோனார். வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார், முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு.

வீட்டைக் காலி செய்ய வந்த மகள் டப்பாவையும் ஒரு ஆரஞ்சு நிற மாத்திரை பாட்டிலையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, அப்பா செட் திஸ் இஸ் ஃபார் யூ. ஐ டோன்ட் நோ வொய்" என்றாள். பாட்டிலுக்குள் ஏழு சுருள்கள். மேலே ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில், திறக்காமல் எரிக்கவும் என்று அவர் கையெழுத்து.

எரித்திருக்க வேண்டும். எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு, பிரித்துப் பார்க்காதே என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் என் கணவர் பெயர் அதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. காலை பத்து மணி, கிச்சன் முழுக்க வெயில், பக்கத்தில் காப்பி. பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. முதல் சுருளைப் பிரித்தேன். அங்கிளின் பெயர். இரண்டாவதிலும் அங்கிளின் பெயர். ஏழையும் பிரித்து வரிசையாக வைத்துவிட்டு, காப்பி ஆறிப்போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறுபது பேரும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அவர் ஜனங்களிடம் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமென்று நினைத்தாரோ அங்கே மட்டும் கேட்டார், ஏழு தடவையும் இல்லை என்று பதில் வந்தது. அதில் கடைசி நான்கு தடவை அந்தப் பதிலைச் சொன்னது என் கை. நூற்றிருபத்தெட்டில் ஒன்று, நடக்கக்கூடியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கு சரிதான். அழுகை மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். நான் செய்த இரண்டாவது தப்பு அது.

அவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தார். "அப்ப எம் பேரு அந்த ரெண்டு தடவையும் உள்ள இல்ல" என்றார் கடைசியில். "அவரு எடத்துல நான் ஒக்காந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. சீட்டு உங்களுக்குத்தானே விழுந்துச்சு?"

"மத்தியாவுக்கும்தான் விழுந்துச்சு" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் பழையபடி இல்லை. விடிகாலையில் எழுந்து மண்டியிடுவார். மேலே கம்பளம் இருக்க, பேஸ்மென்ட்டில் வெறும் சிமென்ட் தரைக்குப் போவார். கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் போய்க் கதவுக்குப் பக்கத்தில் அந்த மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போடுவார். அதில் யாரையும் உட்காரவிடமாட்டார். பேச்சில் 'சொல்லுதேன்', 'இருக்கும்லா' எல்லாம் திரும்பி வந்துவிட்டது, இருபது வருஷ அமெரிக்காவில் தேய்ந்துபோயிருந்த பாளையங்கோட்டைப் பேச்சு. அடுத்து வந்த கோடையில் ஒரு நாள் அவர் அரைக்கால் சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் நின்று பார்த்த நான் திரையை இழுத்துவிட்டேன். முழங்கால்கள் கறுத்திருந்தன.

ஆகவே இந்த மே மாதத்துக்காக நான் எப்படிக் காத்திருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷம் முடிந்தது. ஆலன் வேலையை இரண்டாவது தடவையாகக் கேட்டு வாங்கியிருந்தேன். வீட்டு வாசல் புல்லில் 'விற்பனைக்கு' பலகை நின்றது. கராஜ் முழுக்க அட்டைப் பெட்டிகள். அங்கிள் செய்த மாதிரியே என் கணவர் வீடு வீடாகப் போனார், டீ குடித்தார், காதைக் கொடுத்தார், இரண்டு சீட்டு எழுதினார். காரில் போகும்போது கேட்டேன்.

"ரெண்டு பேரும் நல்ல ஆளுங்கதானுங்களே? யாருக்கு விழுந்தாலும் பிரச்சனை ஒண்ணும் இல்லியே?"

"ரெண்டு பேரும் தகுதியானவங்கதான்" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

ஹாலில் எல்லோரும் ஒரு டென்டிஸ்ட்டைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார், பாவம். நான் டப்பாவைக் கவிழ்த்தேன். ஆட்டவேயில்லை. கவிழ்த்ததுமே ஒரு சுருள் கீழே விழுந்தது, காத்துக்கொண்டே இருந்ததுபோல. குனிந்து எடுத்துப் பிரித்தேன். என் கணவரின் கையெழுத்து. அங்கிளின் பெயர்.

தலை நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தேன். மர நாற்காலியில், முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சீட்டு என் கையில் இருந்தது, நான் வாசிப்பதுதான் பெயர். டென்டிஸ்ட் பெயரைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் நாங்கள் பெட்டிகளோடு தெற்கே போகிற ஃப்ரீவேயில் இருந்திருப்போம். பொய் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, என் கணவரைத் தவிர. அவரும் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் ஏழு தடவை இல்லை என்ற பதிலையே கேட்ட மனிதர். எட்டாவது தடவை ஆமாம் என்று வந்திருக்கிறது. அதையும் என் வாயால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வாசித்தேன்.

யாரும் கத்தவில்லை, யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. ஒரு ஆன்ட்டி மட்டும் மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார். டென்டிஸ்ட் எழுந்து பின்னால் நடந்துபோய், ஹால் கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி அடியில் பாட்டுப் புத்தகத்தைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும்.

வீட்டு வாசல் பலகையை எடுத்துவிட்டோம். தங்கை வாரம் ஒரு தடவை ஃபோன் பண்ணி, "எப்பக்கா வர்றீங்க?" என்கிறாள். "அவரு வந்து உக்காரட்டும்டி" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "யாரு?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சபை நன்றாக நடக்கிறது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, இத்தனை வருஷத்தில் இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததேயில்லை. போன ஞாயிறு நல்ல மழை என்பதால் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஜெபத்தின் நடுவில் அது திறந்தது. அறுபது தலைகளும் திரும்பின, என் தலையும். பக்கத்து ஊர் எடிசனிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம் என்று குடையை உதறியபடி மன்னிப்புக் கேட்டார்கள். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். முன்னால் என் கணவர் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.